தகவல் அமைப்புப் பாடத்தில் சமூக சேவை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசிஏ, எம்சிஏ மாணவர்களை மகளிர் குழுவுக்கோ தன்னார்வ அமைப்புக்கோ அனுப்பி, அங்கே தேவைப்படும் மென்பொருளைச் செய்யவைக்கும் பாடம் நல்ல விஷயம். ஆனால் நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த பள்ளங்களிலேயே புதிய ஆசிரியர்களும் விழுகிறார்கள். அனுமதிக் கடிதம் வாங்குவது போன்றவை எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

செமஸ்டரோடு முடித்துக்கொள்வது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஒற்றைப்படை செமஸ்டர் நவம்பர் வாக்கில் முடிந்துவிடும். குழுவின் கணக்கு முடிவதோ மார்ச் 31. மென்பொருளுக்கு உண்மையான சோதனை அப்போதுதான். ஒரு குழுவுக்கு மாணவர்கள் சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குத் தரும் கடன்), வட்டி எல்லாம் பார்க்கும் செயலி செய்து கொடுத்தார்கள். டெமோ அருமை, மதிப்பெண்ணும் வந்தது. அதை நம்பிக் குழுவில் பேரேடு எழுதுவதையே நிறுத்திவிட்டார்கள். மார்ச்சில் உள்ளே நுழையப் பார்த்தால் ஓடிபி ஒரு மாணவனின் செல்போனுக்குப் போகிறது. அவன் கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்காக பெங்களூரு போய், நம்பரையும் மாற்றியிருந்தான். குழுவை வழிநடத்தும் ஊக்குநர் அக்கா பாஸ்புக்குகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொருவர் கடனையும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டிருந்தார். கட்டியதில் அசலுக்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு என்று இரண்டு உறுப்பினர்களுக்குள் சண்டையே வந்துவிட்டது. நாம் கொண்டுபோன செயலியால் வந்த சண்டை அது.

மின்னஞ்சல், டொமைன், ஓடிபி நம்பர் எல்லாம் முதல் நாளிலிருந்தே குழுவின் பெயரில் இருக்கட்டும். ஒரு நிதியாண்டு முழுதாக முடியும்வரை நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், அடுத்த பேட்ச்சுக்குப் புதிய மென்பொருள் வேண்டாம். முந்தைய பேட்ச் செய்ததைப் பராமரிப்பதே அவர்களின் ப்ராஜெக்ட். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. வேலைக்குப் போனாலும் யாரோ எழுதிய பழைய ப்ரோகிராமில்தான் பெரும்பாலும் கை வைக்க வேண்டியிருக்கும்.

தீர்வோடு கிளம்புவது

குழுவுக்கு என்ன தேவை என்று கேட்கும் முன்பே செயலிதான் என்று முடிவு செய்யாதீர்கள். எக்செல் போதுமென்றால் எக்செலே போதும்.

நிஜத் தரவு

ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் மாணவரின் லேப்டாப்பில் இருக்கவே கூடாது.

பழைய எழுத்துரு

வானவில் போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள்.

மணிக்கணக்குக்கு மதிப்பெண்

என்எஸ்எஸ்ஸில் ஆண்டுக்கு 120 மணி நேரம் என்று கணக்குண்டு. அந்தப் பழக்கத்தில் இங்கேயும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். களத்தில் கேட்டறிந்ததால் மாணவரின் வடிவமைப்பில் என்ன மாறியது என்றுதான் பார்க்க வேண்டும். தவணை மாதாமாதம் வரும் என்று நினைத்து டேட்டாபேஸில் டேபிள் போட்ட மாணவி, அறுவடை முடிந்து மொத்தமாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று தெரிந்து அதை மாற்றியிருந்தால், அங்கே தாராளமாக மதிப்பெண் போடுங்கள்.