விதைப்பையை நீங்களே தடவிப் பார்ப்பது எப்படி?

விதையில் சுருக்கென்று வலித்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறவர்கள்கூட, வலிக்காத கட்டியை மாதக்கணக்கில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். விதைப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காது. வருவதும் அதிகமாக 15 முதல் 40 வயதுக்குள்தான்.

நம் நாட்டில் இது அரிய நோய். அறிகுறி இல்லாத எல்லா ஆண்களும் முறைவைத்துச் சோதித்துக்கொள்ளத் தேவையில்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2011இல் சொன்னது. அதனால் பயந்து பயந்து பார்க்க வேண்டாம். உங்கள் உடம்பின் இயல்பு உங்களுக்குத் தெரிந்தால் போதும். பிறக்கும்போது விதை கீழே இறங்காமல் இருந்தவர்கள் (பிறகு ஆபரேஷன் செய்து இறக்கியிருந்தாலும்), அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்தவர்கள், தனக்கே ஒரு பக்கம் வந்து குணமானவர்கள் மட்டும் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள்.

எப்போது?
வெந்நீரில் குளிக்கும்போது, அல்லது குளித்த கையோடு. பச்சைத் தண்ணீரில் தோல் சுருங்கி விதை மேலே ஏறிக்கொள்ளும், ஒன்றும் பிடிபடாது. மாதம் ஒரு முறை போதும். தினமும் அழுத்திப் பார்த்தால் அந்த அழுத்தத்திலேயே வலி வரும்.

முதலில் கண்ணால்
கண்ணாடி முன் நின்று வீக்கம், சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று சற்றுக் கீழே தொங்குவதும் (பெரும்பாலும் இடது), ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இயல்பு.

பிறகு விரலால்
ஒரு நேரத்தில் ஒரு விதை. இரண்டு கைகளின் கட்டை விரல்களும் முன்னால், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பின்னால். விரல்களுக்கிடையே மெல்ல உருட்டிக்கொண்டே மேலிருந்து கீழ்வரை, முன், பின், பக்கவாட்டு எல்லாம் தடவுங்கள். சோப்பு நுரை இருந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும். விதை ஏறக்குறைய 4 முதல் 5 செ.மீ. நீளம், தோலுரித்த அவித்த முட்டைபோல வழவழவென்று இருக்கும். வலித்தால் அதிகம் அழுத்துகிறீர்கள்.

புதிதாகப் பார்ப்பவர்கள் பதறுவது விதையின் பின்பக்கம் மேலே தட்டுப்படும் மெத்தென்ற சுருளைத் தொட்டுத்தான். அது எபிடிடிமிஸ், விந்தணுக்கள் முதிரும் குழாய், லேசாகக் கூசும். சந்தேகம் வந்தால் மறுபக்கத்தையும் தொடுங்கள். இரண்டு பக்கமும் அதே இடத்தில் அதே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

எதற்குப் போக வேண்டும்?
விதையோடு ஒட்டிய கெட்டியான கட்டி, பட்டாணி அளவே இருந்தாலும். ஒரு விதை மட்டும் கல்லாக இறுகுவது அல்லது பெருப்பது. விதைப்பையில் இழுக்கிற மாதிரி கனம். இவற்றில் எது இருந்தாலும் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

நிற்கும்போது இடப்பக்கம் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, படுத்தால் வடிந்துவிட்டால் வெரிகோசீலாக (விதைக்கு மேலே ரத்தக் குழாய்கள் புடைப்பது) இருக்கலாம். நீர் கோத்த வீக்கத்தில் டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள்: கட்டிக்கு மேலேயும் நீர் கோக்கும், ஸ்கேன்தான் பிரித்துச் சொல்லும். காய்ச்சலோடு வலி என்றால் கிருமித் தொற்றாக இருக்கலாம். மாத்திரை முடிந்தும் வீக்கம் வடியாவிட்டால் அதற்கும் ஸ்கேன் வேண்டும்.

திடீரென்று தாங்க முடியாத வலி, வாந்தி என்றால் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்ற வாய்ப்பு அதிகம். நடுராத்திரியானாலும் எமர்ஜென்சிக்குப் போங்கள், விடியட்டும் என்று படுக்காதீர்கள்.

கட்டி என்று டாக்டரிடம் போனால் என்ன செய்வார்கள்?
விதைப்பைக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி., எல்.டி.எச். என்று ரத்தப் பரிசோதனைகள் (இந்தப் புற்றுநோயில் ரத்தத்தில் கூடக்கூடிய பொருள்களை அளப்பவை). ரத்தம் நார்மலாக வந்தாலும் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. புற்றுநோய்ச் சந்தேகம் இருந்தால் விதைப்பை வழியாக ஊசி போட்டுச் சதை எடுக்க மாட்டார்கள், பரவும் பாதை மாறிவிடலாம் என்பதால். தொடை இடுக்கு வழியாக அந்த விதையையே எடுப்பார்கள். மற்றொன்று நன்றாக இருந்தால் தாம்பத்தியத்துக்குக் குறையில்லை, பெரும்பாலும் குழந்தைக்கும்தான். ஆனாலும் சிகிச்சைக்கு முன்பே விந்துவைச் சேமித்து வைப்பது பற்றிக் கேட்டுவிடுங்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்குக்கு 1996இல், 25 வயதில், கண்டுபிடித்தபோது நுரையீரல், மூளை வரை பரவியிருந்தது, அப்போதும் மீண்டார். பரவும் முன் பிடித்தால் ஏறக்குறைய எல்லோருமே குணமாகிறார்கள்.

லாட்ஜில் முகாம் போடும் வைத்தியரிடமும் எண்ணெய் தடவுகிறவரிடமும் போய் மாதங்களை வீணாக்காதீர்கள். அரசு மருத்துவமனை ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் கூச்சமாக இருந்தால் ‘சர்ஜரி’ என்று மட்டும் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எப்போதிலிருந்து, வலி உண்டா, சின்ன வயதில் விதை இறங்காமல் இருந்ததா என்பதை உள்ளே டாக்டரிடம் சொன்னால் போதும்.