சட்டத்தை மறுக்கும் மன்னரின் அதிகாரமான வீட்டோவைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எப்படி?

பாளையங்கோட்டையில் டியூஷன் எடுக்கிறேன். பிரெஞ்சுப் புரட்சியை பாஸ்டில் கோட்டையிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். இரண்டு பேரை எழுப்பி விடுங்கள். ஒருத்தி சட்டமன்றம், ஒருவன் மன்னர் பதினாறாம் லூயி. அவள் சட்டம் எழுதிய தாளை நீட்ட, அவன் முடியாது என்று தலையாட்ட வேண்டும். (எங்கள் லூயி கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு ரொம்பவே ஆட்டினான்.)

இப்போது விதியைச் சொல்லுங்கள். 1791 அரசியலமைப்புப்படி அந்த மறுப்பு நிரந்தரமில்லை. அடுத்து வரும் இரண்டு சட்டமன்றங்களும் அதையே நிறைவேற்றினால் மன்னர் சம்மதித்ததாகக் கணக்கு. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் இரண்டு வருஷம்.

"அதுவரைக்கும் எவன் சார் காத்துக் கெடப்பான்?" என்று ஒரு பயல் கேட்டான். சரி, அங்கே பிடித்துக்கொள்ளுங்கள். 1791 ஜூனிலேயே தப்பியோடி வாரென் ஊரில் பிடிபட்ட மன்னர் மேல் நம்பிக்கை ஏது? 1792 ஆகஸ்ட் 10 அன்று காத்திருக்க மனமில்லாத கூட்டம் மன்னர் இருந்த துய்லெரி அரண்மனைக்குள் புகுந்தது. மற்ற தேதிகளைக் கடைசியில் எழுதிப்போட்டால் போதும்.