திருகோணமலையில் அறை எடுக்கும் முன் ஒரு அழைப்பு

உப்புவெளியிலோ நிலாவெளியிலோ அறை தேடினால், புக்கிங் தளத்தில் விலையைப் பார்த்துவிட்டு விடுதிக்கே நேரடியாக அழைத்துக் கேளுங்கள். தளங்கள் விடுதியிடம் பெரும்பாலும் 15 சதவீதம் அல்லது அதற்கு மேல் கமிஷன் எடுக்கின்றன. அது மிச்சமாவதால் விலையைக் குறைக்கலாம், இல்லையென்றால் காலைச் சாப்பாட்டையாவது சேர்த்துத் தரலாம். பெரிய ஹோட்டல் குழுமம் என்றால் நேரடிப் பதிவு இன்னும் முக்கியம்: தளம் வழியாகப் பதிந்தால் உறுப்பினர் புள்ளிகள் (சேர்த்து வைத்துப் பிறகு சலுகையாக மாற்றிக்கொள்பவை) பொதுவாகக் கிடைக்காது. ஆனால் வருடத்துக்கு ஒரு தடவைதான் பயணம் என்றால் புள்ளிக்காக அதிக விலை கொடுக்காதீர்கள், போதிய அளவு சேர்வதற்குள் காலாவதியாகிவிடலாம்.

பயணத் தேதி உறுதியில்லையா? அப்போது இலவசமாக ரத்து செய்யும் வசதியுள்ள தளமே நல்லது. மே முதல் செப்டம்பர் வரையான சீசனில், அதுவும் வார இறுதியில், விலைக்குறைப்பை எதிர்பார்க்க வேண்டாம்.