சேர்வராயன் மலையில் காளான் பறிக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

இரண்டு நாள் மழை விட்டு வெயில் தலைகாட்டினால் போதும், ஏற்காட்டுக் காப்பித் தோட்ட ஓரங்களிலும் புற்று மேடுகளிலும் காளான் முளைத்துவிடும். பறிப்பதிலேயே முதல் தவறு நடக்கிறது: குடையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்குவது. இனத்தைக் காட்டிக்கொடுக்கும் பகுதி மண்ணுக்குள் நின்றுவிடும்.

களைக்கொத்தால் சுற்றிலும் தோண்டி அடித்தண்டோடு எடுங்கள். சமைக்கத் தேடும் புற்றுக் காளானின் தண்டு வேர் மாதிரி மெலிந்து, கரையான் கூடு வரை இறங்கும். குடை நடுவில் கூரான முனை இருக்கும். அடியில் கிழிந்த பை போன்ற உறை தெரிந்தால் அது அமானிட்டா வகை. ஆளைக் கொல்லும் காளான்கள் இந்த வகையில் உண்டு. பை இல்லை என்பதற்காகவும் நம்பிவிடாதீர்கள். சிலவற்றில் அது பொடிந்து மண்ணோடு போயிருக்கும். முட்டை வடிவ மொட்டாக இருந்தால் நெடுக்கில் வெட்டிப் பாருங்கள். உள்ளே குட்டிக் குடையின் உருவம் தெரிந்தால் தொடவே வேண்டாம்.

வித்துத்தூள், அதாவது குடையின் அடியிலிருந்து உதிரும் நுண்தூள், அதைப் பார்க்காமல் சமைப்பது அடுத்த தவறு. தண்டை நறுக்கிவிட்டு, பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய தாளின் மேல் குடையைக் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி இரவு முழுக்க விடுங்கள். புற்றுக் காளான் வெளிர் இளஞ்சிவப்புத் தூளை உதிர்க்கும், அமானிட்டா வெள்ளை. பச்சை விழுந்தால், அது புல்தரையில் வட்டமாக முளைக்கும் ஒரு பெரிய நச்சுக் காளான். இளசில் அதன் செவுளும் (குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள்) வெள்ளையாகவே இருப்பதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் பிடுங்கும். தூளின் நிறம் பொருந்துவது மட்டும் போதாது. தண்டு, குடை, முளைத்த இடம் எல்லாம் ஒத்துவர வேண்டும்.

வெள்ளிக் காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, நத்தை கடித்திருக்கிறது: இவை எதுவும் சோதனையே அல்ல. அமானிட்டா நஞ்சு கொதியிலும் அழியாது, காய வைத்தாலும் போகாது.

சேலம் மேக்னசைட் சுரங்க மண்மேடுகளிலும், மருந்தடித்த தோட்டங்களிலும் பறிக்காதீர்கள். காளான் உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். காப்புக் காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் கவரில் போட்டால் வியர்த்து அழுகும், மூங்கில் கூடைதான் சரி. சந்தேகமானதைத் தனியாகத் தாளில் சுற்றுங்கள். ஒரே கூடையில் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.

எல்லாவற்றிலும் மோசமான தவறு, வாந்தி நின்றதும் வீட்டிலேயே இருந்துவிடுவது. அமானிட்டா நஞ்சு 6 முதல் 24 மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதியாக வெளிப்படும். அப்புறம் ஒரு நாள் சரியானது போலத் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். 108-ஐ அழைத்து, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சமைக்காமல் மிஞ்சிய காளானைக் கையோடு கொண்டுபோங்கள். அதே குழம்பைச் சாப்பிட்ட எல்லோரும், ஒன்றும் தெரியாவிட்டாலும், கூடவே போக வேண்டும்.