பிளேஸ்டேஷன் சிடியை சிஎச்டி கோப்பாக மாற்றுவது எப்படி?

அலமாரியில் கிடக்கும் பழைய பிளேஸ்டேஷன் சிடிகளில் கீறல் விழுவதற்குள் நகலெடுத்துவிடுவது நல்லது. ஒரு சிடியின் நகல் 700 எம்பியைக்கூடத் தாண்டலாம். இருபது சிடி சேர்ந்தால் ஹார்ட் டிஸ்க் முனகும். அதற்குத்தான் சிஎச்டி (CHD): சிடியின் நகலைச் சுருக்கி ஒரே கோப்பாக வைக்கும் வடிவம்.

முதலில், கணினியின் டிவிடி டிரைவில் சிடியைப் போட்டு இம்ஜ்பர்ன் (ImgBurn) மென்பொருள் மூலம் படியெடுங்கள். பின் (.bin), கியூ (.cue) என இரண்டு கோப்புகள் கிடைக்கும். ஐஎஸ்ஓ வேண்டாம், தனி டிராக்கில் இருக்கும் பின்னணி இசை அதில் வராது.

அடுத்து, மேம் (MAME) எமுலேட்டரோடு, அதாவது பழைய கேம்களைக் கணினியில் ஓட்டும் மென்பொருளோடு, இலவசமாக வரும் சிஎச்டிமேன் (chdman) கருவியை எடுத்து அதே ஃபோல்டரில் வையுங்கள். அந்த ஃபோல்டரின் மேலே முகவரிப் பட்டையில் சிஎம்டி (cmd) என்று அடித்து என்டர் தட்டினால் கறுப்புத் திரை வரும். அதில் இப்படி அடியுங்கள், எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில்:

chdman createcd -i game.cue -o game.chd

பெரிதாக இருக்கிறதே என்று பின் கோப்பின் பெயரைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்க வேண்டியது கியூவைத்தான். நான் முதல் நாள் சறுக்கியது வேறு இடத்தில்: பின் கோப்பின் பெயரை அழகாக மாற்றி வைத்தேன், கருவி கோப்பைக் காணோம் என்றது. கியூவை நோட்பேடில் திறந்தால் நாலைந்து வரிதான். முதல் வரியில் மேற்கோள் குறிக்குள் பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. அதைத் திருத்தியதும் வேலை முடிந்தது. பெயரில் இடைவெளி இருந்தால் கட்டளையிலும் மேற்கோள் குறி போடுங்கள்.

சரி, ஜிப் போதாதா? ஜிப்பை விளையாடுமுன் முழுதாகப் பிரிக்க வேண்டும். சிஎச்டி, சிடியின் சிறு பகுதிகளான செக்டர்களை எட்டு எட்டாகத் தனித்தனியே சுருக்குவதால், எமுலேட்டர் தேவையான துண்டை மட்டும் பிரித்துக்கொள்ளும். இசை டிராக்குகளுக்கு ஃபிளாக் (FLAC) என்ற ஒலிச் சுருக்க முறையும் உண்டு. தரம் துளியும் குறையாது. பாட்டும் வீடியோவும் நிறைந்த கேம் என்றால் மட்டும் அளவு அதிகம் இறங்காது.

பழைய கோப்புகளை அழிக்குமுன் இதையும் ஓட்டிப் பாருங்கள்:

chdman verify -i game.chd

பிழை வராவிட்டால் தைரியமாக அழிக்கலாம். பின்னால் பின், கியூ தேவைப்பட்டால் அதே கருவியில் எக்ஸ்ட்ராக்ட்சிடி (extractcd) கட்டளை இருக்கிறது.

ஃபைனல் ஃபேண்டஸி 7 போல மூன்று சிடி கேம் என்றால் மூன்றையும் தனித்தனியாக மாற்றி, பெயர்களை வரிக்கு ஒன்றாக எழுதி எம்3யூ (.m3u) என்ற பட்டியல் கோப்பாகச் சேமியுங்கள். டக்ஸ்டேஷன் (DuckStation) என்ற பிளேஸ்டேஷன் எமுலேட்டரில் அதைத் திறந்தால், சிடி மாற்றச் சொல்லும்போது பட்டியலிலிருந்து அடுத்ததைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.