ஆட்டு இதயத்தை அறுத்து மனித இதயத்தைப் படிப்பது எப்படி

பாடப்புத்தகப் படத்தில் நான்கு அறைகளும் இரண்டு மேலே, இரண்டு கீழே என்று பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். நிஜ இதயம் அப்படி இல்லை. வலது கீழறை முன்பக்கமாகச் சுற்றி வந்து இடது கீழறையை அணைத்துக்கொண்டிருக்கும். இடது மேலறை முழுக்கப் பின்னால் ஒளிந்திருக்கும். படத்தை மட்டும் பார்த்துப் படித்த பிள்ளை, ஸ்கேன் படத்தையோ, ஒலியலையால் எடுக்கிற எக்கோ படத்தையோ முதன்முதலில் பார்க்கும்போது குழம்புவது இதனால்தான். பிளஸ் டூ விலங்கியல் மாணவர்களும் நர்சிங் முதலாண்டுப் பிள்ளைகளும் ஒரு ஆட்டு இதயத்தைக் கையில் எடுத்து, ரத்தம் போகும் வழியிலேயே விரலை விட்டுப் பார்த்தால் அந்தக் குழப்பம் ஒரே காலையில் தீர்ந்துவிடும்.

வாங்குவது

பாதி வேலை கறிக்கடையிலேயே முடிகிறது. மார்த்தாண்டம், தக்கலை, களியக்காவிளை என்று எங்கே வாங்கினாலும், கடைக்காரர் வழக்கமாக இதயத்தைத் தனியாக அறுத்து, உள்ளே ரத்தம் வடிய ஒரு கீறலும் போட்டுத்தான் தருவார். அதில் மேலறைகள் பாதி போயிருக்கும், வால்வு சோதனை செய்யவே முடியாது. முந்தின நாளே சொல்லிவையுங்கள்: "நுரையீரல், மூச்சுக்குழாயோடு சேர்த்து, கீறாமல் வேணும் அண்ணா." ரத்தக்குழாய்கள் குறைந்தது 3 செ.மீ. நீளமாவது இதயத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். பெருந்தமனி வால்வும் நுரையீரல் தமனி வால்வும் அந்தக் குழாய்களின் அடியிலேயே இருப்பதால், ஒட்ட அறுத்தால் அவையும் போய்விடும்.

பன்றி இதயம் கிடைத்தால் இன்னும் நல்லது. அளவிலும் அமைப்பிலும் மனித இதயத்துக்கு அதுதான் நெருக்கம். மாட்டு இதயம் பெரியது, வகுப்பில் தூக்கிக் காட்ட வசதி. ஆனால் பெருந்தமனியின் அடியில் ஒரு சிறு எலும்பு இருக்கும், பிளேடு தட்டி மழுங்கும். மனிதருக்கு அந்த எலும்பு கிடையாது.

அறுத்த அன்றே வெட்டத் தொடங்காதீர்கள். தசை விறைத்து, இடது கீழறை இறுகிப்போய், உள்ளே அறையே இல்லாததுபோல் இருக்கும். சுவரும் உள்ளதைவிடத் தடிப்பாகத் தெரியும். ஒரு நாள் பிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் வைத்தால் தளர்ந்துவிடும். ஃப்ரீசரில் வேண்டாம். உறுப்புகள் கெடாமல் ஊறவைக்கிற பார்மலினும் வீட்டில் வேண்டாம், கண்ணையும் மூக்கையும் அரிக்கும்.

தேவையான சாமான்கள்: ஒரு முனை மழுங்கிய கத்தரி, நுனி மெலிந்த சின்னக் கத்தரி, பிளேடு, கையுறை, தட்டு, 50 மி.லி. சிரிஞ்ச், ஸ்ட்ரா இரண்டு, ஸ்கேல், நான்கைந்து தென்னை ஈர்க்கு. ஈர்க்கின் மெல்லிய நுனி, இதயத் தசைக்கு ரத்தம் தரும் கரோனரிக் குழாய்க்குள் நுழைய அளவாக இருக்கும்.

இடமும் வலமும்

தவறு அதிகம் நடக்கிற இடம் இது. இரண்டு மேலறைகளின் காதுமடல் நுனிகளும் தெரிகிற பக்கத்தை உங்களைப் பார்க்க வையுங்கள். படத்தில் முன்பக்கமாகக் காட்டுவது இதைத்தான். இப்போது இதயத்தின் இடது உங்கள் வலக்கைப் பக்கம். சந்தேகமாக இருந்தால் இரு பக்கமும் அழுத்திப் பாருங்கள். தொளதொள என்று இருப்பது வலது கீழறை, கெட்டியாக எதிர்ப்பது இடது. அடிநுனி முழுக்க இடது கீழறைக்கே சொந்தம். வலது கீழறை அதுவரை இறங்காது. முன்பக்கத்தில் கொழுப்போடு சரிவாக ஓடும் பள்ளத்தைக் கண்டுபிடியுங்கள். உள்ளே இருக்கும் நடுச்சுவர் சரியாக அதன் கீழ்தான் நிற்கிறது.

அடுத்து குழாய்கள். தமனியின் வாய் தானாகத் திறந்தே நிற்கும், சிரையின் வாய் அமுங்கிக் கிடக்கும். மிகத் தடித்தது பெருந்தமனி. அதற்கு முன்னால் குறுக்காகப் போவது நுரையீரல் தமனி. ஒவ்வொன்றிலும் ஸ்ட்ராவை மெதுவாக விட்டு, எந்தக் கீழறையில் இறங்குகிறது என்று வெளியிலிருந்து தடவிப் பார்த்து உறுதிப்படுத்துங்கள்.

ஆடும் மனிதரும் வேறுபடுகிற இடங்கள் இரண்டை இங்கேயே சொல்லிவிடவேண்டும். மனிதரின் பெருந்தமனி வளைவிலிருந்து மூன்று கிளைகள் தனித்தனியாகக் கிளம்பும். ஆட்டில் ஒரே தடித்த கிளை கிளம்பிப் பிறகு பிரியும். ஆட்டின் இடப்பக்கத்தில் கூடுதலாக ஒரு சிரை, இடது அசைகஸ், பின்னால் வளைந்து வலது மேலறைப் பக்கம் வரும். அதை மூன்றாவது பெருஞ்சிரை என்று எழுதிவிடாதீர்கள்.

வெட்டுவதற்கு முன் தண்ணீர்

இதயத்தைக் குழாயடியில் பிடித்து, பிதுக்கிப் பிதுக்கி ரத்தக்கட்டியை வெளியேற்றுங்கள். கட்டி வால்வில் சிக்கியிருந்தால் சோதனை தோற்கும்.

பெருந்தமனியை நிமிர்த்திப் பிடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் நிற்கும். கரோனரி வழியாகச் சொட்டுச் சொட்டாகக் குறையலாம், அது பிழையில்லை. மேலிருந்து எட்டிப் பார்த்தால் மூன்று பிறை மடல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மூடியிருப்பது தெரியும். இதே மூடல்தான் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கிற 'டப்'.

இனி 'லப்'. இடது மேலறையின் கூரையை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டு, அதற்கும் இடது கீழறைக்கும் நடுவே உள்ள மிட்ரல் வால்வு வழியாகக் கீழறையைத் தண்ணீரால் நிரப்புங்கள். உள்ளங்கையில் இதயத்தை ஏந்தி ஒரே அழுத்தாக அழுத்துங்கள். இரண்டு இதழ்களும் உப்பி எழுந்து மூடும், தண்ணீர் பெருந்தமனி வழியாகப் பீய்ச்சும். எந்த நரம்பும் இந்த வால்வை இழுத்து மூடுவதில்லை. அழுத்தம் மாறினால் திறக்கிறது, மாறினால் மூடுகிறது. ஆயிரம் முறை எழுதிப் படிப்பதைவிட இந்த ஒரு அழுத்து மேல்.

அடுத்த படியையும் விடாமல் செய்யுங்கள். சின்னக் கத்தரியை மேலறை வழியாக விட்டு, இதழின் ஓரத்தைக் கீழே பிடித்திருக்கும் வெள்ளை நாண்களில் ஒரு கொத்தை அறுங்கள். மறுபடி நிரப்பி அழுத்தினால் தண்ணீர் மேலறைக்கே திரும்பி வரும். கடற்கரையில் கட்டுமரத்துப் பாயின் கயிறு அறுந்தால் பாய் காற்றில் மறுபுறம் புரளுமே, அதுபோல இதழும் மேலறைப் பக்கம் புரண்டுவிடுகிறது. மாரடைப்பில், இந்த நாண்களைப் பிடித்திருக்கும் பாப்பிலரி தசை செத்துக் கிழிந்தால் மனிதருக்கு நடப்பது இதுவே: ரத்தம் பின்வாங்கி நுரையீரலில் தேங்கி, திடீரென மூச்சு முட்டும்.

வெட்டும் வழி

ரத்தம் போகிற வழியிலேயே கத்தரி போக வேண்டும். மழுங்கிய முனை எப்போதும் உள்ளே.

வலப்பக்கம்: மேற்பெருஞ்சிரையில் நுழைந்து, வலது மேலறை, மூவிதழ் வால்வு வழியாக வெளியோரமாகவே கீழறையின் அடிவரை இறங்குங்கள். அங்கிருந்து திரும்பி, முன்பள்ளத்திலிருந்து 1 செ.மீ. தள்ளி மேலேறி நுரையீரல் தமனியைத் திறங்கள். வெட்டிய சுவரைத் தூக்கும்போது நடுச்சுவரிலிருந்து வெளிச்சுவருக்குக் குறுக்கே ஒரு தசைக்கயிறு ஓடும். மனிதரில் இதயத்தைத் துடிக்கவைக்கும் மின்தூண்டலின் வலது கிளை இதன் வழியாகத்தான் எதிர்ச்சுவருக்குப் போகிறது. அவசரத்தில் பலரும் பார்க்காமலேயே அறுத்துவிடுவது இதைத்தான்.

மேலறைகளுக்கு நடுவே உள்ள சுவரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மெல்லிதாக ஒரு குழி தெரியும். கருவில் இருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து ரத்தம் குறுக்கே கடந்த வாசல் அது. மனிதரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு அது முழுக்க ஒட்டாமலே இருக்கும், பெரும்பாலோருக்குத் தொந்தரவு தருவதில்லை.

இடப்பக்கம்: மேலறையிலிருந்து மிட்ரல் வழியாக வெளியோரமாக நுனிவரை, பிறகு பள்ளத்தின் இடப்புறமாக ஏறிப் பெருந்தமனிக்குள். சரியாகச் செய்தால் மிட்ரலின் முன்இதழ் கிழியாமல், உள்ளே வரும் வழிக்கும் வெளியே போகும் வழிக்கும் நடுவே தொங்கும். இதழ்களை எண்ணுவது கடினம், ஓரங்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். தடித்த பாப்பிலரி தசைகளை எண்ணுங்கள்: இடப்பக்கம் இரண்டு.

ஸ்கேலை வைத்து இரு சுவர்களையும் அளந்து எழுதுங்கள். மனிதரில் இடது கீழறைச் சுவர் சுமார் 10 மி.மீ., வலது 3 முதல் 5 மி.மீ. இதைப் பார்த்து இடது அதிக ரத்தம் தள்ளுகிறது என்று விடைத்தாளில் எழுதுகிறார்கள், தவறு. இரண்டும் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மி.லி.தான் தள்ளும், நிமிடத்துக்கு 72 துடிப்பென்றால் சுமார் 5 லிட்டர். வேறுபடுவது அழுத்தம்: இடதில் 120 மி.மீ. பாதரசம், வலதில் 25 அளவே.

பெருந்தமனி மடல்களுக்குச் சற்று மேலே ஊசிமுனைபோல் இரண்டு துளைகள் இருக்கும். இடது துளையில் ஈர்க்கை விட்டுத் தள்ளுங்கள், அது முன்பள்ளத்தில் போய் நிற்கும். இதயத் தசைக்கே ரத்தம் தரும் கரோனரி தமனிகள் இவை. இடது கீழறைத் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் தளரும் நேரத்தில்தான் பாய்கிறது. துடிப்பு வேகமாகும்போது அந்தத் தளர்வு நேரம் குறைகிறது. குழாய் ஏற்கெனவே சுருங்கியவருக்கு மாடிப்படி ஏறும்போது நெஞ்சு வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வால்வை நன்றாகப் பார்த்தபின் ஒரு விஷயம் பிள்ளைகளுக்குச் சொல்லத் தகும். கவனிக்காமல் விட்ட, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைப்புண் வாதக்காய்ச்சலாக மாறி அதிகம் கெடுப்பது இந்த மிட்ரலைத்தான். அப்படிக் கெட்டவர்களுக்காக, கேரள எல்லை தாண்டினால் இருக்கும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் எம். எஸ். வலியத்தான் குழுவினர் சாய்ந்து திறந்து மூடும் வட்டத்தகடு கொண்ட செயற்கை வால்வு (சாய்வட்டு வால்வு) ஒன்றை உருவாக்கினார்கள். 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். உலோக வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். பன்றி வால்வுக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை, ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டில் தேய்ந்துவிடும்.

முடிந்ததும் துண்டுகளைச் சமைக்காதீர்கள். நாய் தோண்டாத ஆழத்தில் தென்னை மூட்டில் புதைத்துவிட்டு, தட்டையும் கத்தரியையும் சோப்பில் கழுவி பிளீச்சிங் பவுடர் கரைசலில் பத்து நிமிடம் ஊறவையுங்கள். பிளேடைக் குப்பையில் சும்மா போடாமல் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.