கூட்டிப் பார்த்த பிறகே புரிந்தது

1978இல் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளி ஒன்றில் பரவிய ஃபுளூ காய்ச்சலின் தரவு, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. மாணவர்கள் 763 பேர். அந்தத் தரவுக்கு, தொற்றுநோய் நாளுக்கு நாள் எப்படிப் பரவித் தணிகிறது என்பதை விவரிக்க கெர்மாக், மெக்கென்ட்ரிக் என்ற இரு ஆய்வாளர்கள் 1927இல் தந்த வகைக்கெழுச் சமன்பாடுகளைப் பொருத்துவதுதான் என் ஆய்வேட்டின் முதல் வேலை.

மூன்று வாரம் பொருந்தவே இல்லை. நோய் பரவும் வேகத்தைக் குறிக்கும் தொற்று வீதம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மதிப்பில் போய் நின்றது. சில முறை சுழியத்துக்குக் கீழே, குறை எண்ணாகவும் வந்தது. நிரலைச் சந்தேகித்தேன். தொடக்க மதிப்புகளை மாற்றினேன். பயனில்லை.

ஓர் இரவு அன்றாட எண்களைத் தாளில் எழுதிக் கூட்டினேன். 1,500ஐத் தாண்டியது. பள்ளியில் இருந்ததே 763 பேர்! அவை புதிதாக நோயுற்றவர்களின் எண்கள் அல்ல. அன்றைக்குப் படுக்கையில் கிடந்தவர்களின் எண்கள். ஒரே சிறுவன் பல நாள் எண்ணப்பட்டிருக்கிறான். நான் அவற்றைப் புதுத் தொற்றுகளோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஒப்பீட்டை, சமன்பாடுகளில் அன்றன்று நோயோடு இருப்பவர்களைக் குறிக்கும் 'நோயுற்றிருப்போர்' மாறிக்கு மாற்றினேன். தொற்றும் வீதம், குணமாகும் வீதம் இரண்டுக்கும் பதில் அவற்றின் மடக்கைகளை (log) மதிப்பிட்டேன்; மடக்கை எதுவானாலும் வீதம் நேர் எண்ணாகவே இருக்கும். குறை எண் தொல்லை ஒழிந்தது. வளைகோடு புள்ளிகளின் மேல் படிந்ததைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. தொற்றுக்காலம் இரண்டு நாளுக்குச் சற்று அதிகம். தொடக்கத்தில் ஒருவரிடமிருந்து நான்கு பேருக்குச் சற்றுக் குறைவாகத் தொற்றியிருக்கிறது.

ஆனால் இந்தச் சமன்பாடுகளாலான கணித மாதிரி ஏறக்குறைய எல்லோருக்கும் தொற்றியதாகச் சொல்கிறது. உண்மையில் நோயுற்றவர்கள் 512 பேர். அந்த வேறுபாட்டில்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.